சும்மா இருந்த காயில்

ஆடி முடியப் போகிற சமயம். மும்பையில் மூன்று நாளாக மழை விடவில்லை. லால்பாகிலிருந்து வந்த ஒருவர், உரச் சாக்கில் சுற்றிய பெட்டி ஒன்றை என் கடை மேஜையில் வைத்தார். தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது என் கடை. இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். சாக்கைப் பிரித்ததும் துரு வாசனையோடு தேங்காய் எண்ணெய் வாசனையும் வந்தது. எனக்கு அப்போதே எரிச்சல். பேஞ்சோவின் பொத்தான்களுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களை நான் மன்னிப்பதே இல்லை. இரண்டு நாள் வழுக்கும், மூன்றாம் நாள் தெருத்தூசியெல்லாம் சேர்ந்து பசையாகிவிடும். அடியில் ஒட்டிய கம்பளித் துணி எண்ணெய் குடித்து அப்பளம் மாதிரி உப்பியிருக்கும்.

"கணபதிக்கு இருபது நாள்தான் இருக்கு, அண்ணா" என்றார். மும்பையில் தமிழன் எவனாக இருந்தாலும் அண்ணாதான். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட. நான் அவரை பாவ் என்றேன், மராத்தியில் சகோதரன்.

பேஞ்சோ என்றதும் வட்டமான தோல் முகமும் நீண்ட கழுத்துமாக அமெரிக்கப் பாட்டுக்காரர்கள் மடியில் வைத்திருப்பதை நினைத்துவிட வேண்டாம். அதற்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் புல்புல்தாரா என்று ஒன்று தொங்குமே, டைப்ரைட்டர் பொத்தான் வைத்த நீளப் பெட்டி, அதன் பெரிய அண்ணன் இது. மகாராஷ்டிரத்தில் இதைத்தான் பேஞ்சோ என்கிறார்கள். இதை வைத்துத் தெருவில் வாசிக்கும் குழுவுக்கு பேஞ்சோ பார்ட்டி என்று பெயர். இதையே தலைப்பாக வைத்து 2016இல் ரவி ஜாதவ் ஒரு இந்திப் படமும் எடுத்தார்.

பிறந்த இடம் ஜப்பானின் நகோயா. 1912இல் மொரிதா கோரோ என்ற இசைக்காரர், தட்டச்சுப் பொறியின் விசைகளைக் கம்பி வாத்தியத்தின்மேல் ஏற்றிப் பார்த்தார். அந்த வருஷம்தான் ஜப்பானில் தைஷோ பேரரசரின் காலம் தொடங்கியது. அதனால் வாத்தியத்துக்கு தைஷோகோதோ என்று பெயர் விழுந்தது. விரலை வெட்டிக்கொள்ளாமல், வருஷக்கணக்கில் சாதகம் செய்யாமல், வீட்டில் யாரும் ஒரு பாட்டு வாசித்துவிடலாம் என்பதுதான் அதன் யோசனை. அங்கிருந்து கப்பலேறி வந்து நம் பக்கம் புல்புல் தரங் ஆயிற்று. பலூசிஸ்தானில் பெஞ்சு என்ற பெயரில் பெரிய உடம்போடு கச்சேரி வாத்தியமாகவே வளர்ந்துவிட்டது. ஜெர்மனியில் நோய் (Neu!) என்ற ராக் குழு 1972இல் போட்ட முதல் இசைத்தட்டில்கூட ஜப்பான் பேஞ்சோ வருகிறது. மும்பையில் மட்டும் அது வீட்டைவிட்டு வெளியே வந்து, கழுத்தில் காந்தம் கட்டிக்கொண்டு, டோல், தாஷா மேளங்களுக்கு நடுவில் போய் நின்றது.

இந்த வாத்தியத்தின் குணங்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. வலது கையில் பிக், இடது கையில் பொத்தான்கள். பொத்தானை அழுத்தினால் அதன் அடியில் இருக்கும் தகடு கம்பிகளை மெட்டின்மேல் அமுக்கும். வாசிக்கும் கம்பிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சுருதி, ஒன்று மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. பக்கத்தில் சுருதிக் கம்பிகள் தனியாக ஓடும், அவற்றைப் பொத்தான் தொடாது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் மேல் ஸ்வரம்தான் பேசும், கீழது வாயை மூடிக்கொள்ளும். கெட்டிக்காரர்கள் கீழ்ப் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு மேலதை மட்டும் தட்டித் தட்டி எடுப்பார்கள். அப்போது வரும் அதிர்வுக்கு வேறெந்த வாத்தியத்திலும் ஈடு கிடையாது. ஆனால் ஒரு பொத்தானை விட்டு அடுத்ததைப் பிடிப்பதற்குள் இமைப்பொழுது பிந்தினாலும் திறந்த கம்பி "நானும் இருக்கிறேன்" என்று சட்ஜத்தைக் கக்கிவிடும். கற்றுக்குட்டியின் வாசிப்பில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஒரு ச ஒழுகிக்கொண்டே இருக்கும். கேட்டதுமே ஆள் புதுசு என்று சொல்லிவிடலாம். கமகம் என்று பார்த்தால், பொத்தானை இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுத்தினால் ஸ்வரம் ஒரு மயிரிழை ஏறும். அவ்வளவுதான். அந்த மயிரிழையை வைத்துக்கொண்டு கோளி மீனவர் பாட்டில் அழவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாவ் கொண்டுவந்தது இப்போது கடையில் விற்கிற சாமான் இல்லை. அவருடைய அப்பா செய்தது. அவர் பரேலில் ஒரு நூல் மில்லில் வயர்மேன். எழுபதுகளில் எங்கிருந்தோ வந்த பழைய ஜப்பான் பெட்டி ஒன்றின் பொத்தான் வரிசையை மட்டும் எடுத்து, தேக்கில் புதுசாக உடம்பு கட்டி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் தானே போட்டிருக்கிறார். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். பெரும்பாலோர் திரும்பி உள்ளே போகவே இல்லை. "அதுக்கப்புறம் எங்க வீட்டு அடுப்பு இதுலதான் எரிஞ்சது" என்று பாவ் பெட்டியைத் தட்டிக் காட்டினார். கணபதி, நவராத்திரி, கல்யாண ஊர்வலம், மறுபடி கணபதி. அப்பா போனபிறகு இவர் கைக்கு வந்தது.

குறை என்னவென்று கேட்டேன். சத்தம் விட்டு விட்டு வருகிறது என்றார்.

அது சின்ன வேலை. ஜாக்கில் சால்டர் விட்டுப்போயிருந்தது, ஷீல்டு வயரும் நைந்துபோயிருந்தது. பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் மூடியைக் கழற்றியதும் பிக்கப்பைப் பார்த்துவிட்டேனே!

கடையில் வாங்கிய பிக்கப் இல்லை. ரேடியோ கேட்கும் பழைய ஹெட்போனுக்குள் இருந்த இரண்டு காயில்கள். இன்றைய காது மாட்டி இல்லை, கனமான பேக்கலைட்டில் வரும் பழைய ரகம். தலைமுடியைவிட மெல்லிய எனாமல் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். சோர் பஜாரில் ஒரு காலத்தில் கூறு கட்டி விற்றார்கள். அவற்றில் ஒன்று வாசிக்கும் கம்பிகளுக்கு அடியில், இன்னொன்று சுருதிக் கம்பிகளுக்கு அடியில். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஆயிரம் ஓம் சுமாருக்கு உயிரோடுதான் இருந்தன.

பிறகுதான் கவனித்தேன், சுருதிக் கம்பிகள் பித்தளை.

காந்த பிக்கப்புக்கு இரும்பின் அசைவுதான் கேட்கும். எஃகுக் கம்பி காந்தத்துக்கு மேலே அதிரும்போது காந்தப்புலம் குலுங்குகிறது. அந்தக் குலுக்கல் காயிலில் மின்சாரமாகிறது. பித்தளைக்கும் காந்தத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பித்தளைக் கம்பி அறுந்து விழுகிற அளவுக்கு அதிர்ந்தாலும் அந்தக் காயிலுக்குத் தெரியாது. ஆக இரண்டாவது காயில் நாற்பது வருஷமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வழியில் ஆயிரம் ஓம் தடையாக வேறு நிற்கிறது. பாவம், பெரியவருக்கு இந்த விஷயம் தெரியாமல் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நான் பதினாறு வயதில் சால்டரிங் அயர்னைப் பிடித்தவன், எனக்குத் தெரியாததா? அந்தக் காயிலை வெட்டிவிட்டு முதல் காயிலை நேரே ஜாக்கோடு இணைத்தேன்.

ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் உறுமல் வந்தது. மிக்ஸி ஓடுகிற மாதிரி. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எர்த்தைப் பார்த்தேன், வயரை மாற்றினேன், டியூப்லைட்டை அணைத்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பாதித் தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன்.

அந்தக் காயில் கம்பியைக் கேட்பதற்காக வைத்ததே இல்லை. கரண்டைக் கேட்பதற்காக வைத்தது. சுற்றுவட்டாரத்து வயர்களிலிருந்தும் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் கசியும் ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டு காயிலிலும் ஒரே மாதிரி ஏறும். ஒன்றைத் தலைகீழாக இணைத்துவிட்டால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கம்பியின் ஓசை ஒரு காயிலில் மட்டும் இருப்பதால் அது தப்பிக்கும். அமெரிக்காவில் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் இரட்டைக் காயில் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு 1955இல் விண்ணப்பித்தார். கிட்டார்க்காரர்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சாமி பெயர் மாதிரி சொல்வார்கள். பரேல் வயர்மேன் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஹெட்போனுக்குள்ளேயே இரண்டு காயிலும் எதிரெதிராகத்தான் கட்டப்பட்டிருக்கும். அதைப் பிரித்துப் பார்த்தவர், ஏன் என்று யோசித்திருக்கிறார். ஜெனரேட்டர் வண்டியும் சீரியல் லைட்டும் கூடவே வருகிற ஊர்வலத்தில் வாசிக்க வேண்டியவருக்கு அந்த யோசனை அவசியமாகவும் இருந்திருக்கும். சுருதிக் கம்பியைப் பித்தளையில் போட்டதும் தெரியாமல் செய்தது இல்லை. சுருதி ஹார்ன் ஸ்பீக்கரில் ஏறினால் தெருவில் பாட்டெல்லாம் கூழாகிவிடும்.

மறுநாள் காலையில் வெட்டிய காயிலைத் திரும்ப இணைத்தேன். உறுமல் அடங்கியது. இதை நான் பாவிடம் சொல்லவில்லை.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. காயிலைத் திரும்பப் பொருத்தியபோது, பொத்தானை அழுத்தினால் ஸ்பீக்கரில் "டக்" என்று ஒரு சத்தம் வருவதைக் கேட்டேன். பிக்கே போடாமல் சும்மா பொத்தானைத் தட்டினாலும் டக். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பெட்டியைத் தட்டினால் மைக்கைத் தட்டியது போல டொக். காரணம் தெரிந்ததுதான். பழைய காயிலில் சுற்றுகள் தளர்ந்து, பெட்டி அதிரும்போது அவையும் காந்தத்துக்கு மேல் ஆடுகின்றன. கிட்டார் வேலையில் இதற்கு மருந்து மெழுகு. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, மெழுகை உருக்கி, காயிலை அதில் முக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வைத்தால் மெழுகு உள்ளே இறங்கிச் சுற்றுகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். செய்தேன். பொத்தான் தகடுகளைத் துருவெடுத்து, எண்ணெய் குடித்த துணிகளை உரித்துவிட்டுப் புது ஃபெல்ட் ஒட்டினேன். கம்பிகளைத் தாங்கும் குதிரையைக்கூட ஒரு நூல் இறக்கினேன்.

ஆம்ப்ளிஃபயரில் போட்டுக் கேட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. முன்பு அந்தப் பெட்டியின் குரல், நனைக்காத சீவாளியில் ஊதிய நாயனம் மாதிரி காய்ந்து கீறும். இப்போது பாலில் ஊறிய மாதிரி வந்தது. பாவ் வந்தார், கடையில் ரெண்டு பாட்டு வாசித்தார், தலையை ஆட்டினார், பணம் கொடுத்துவிட்டுப் போனார். தலையாட்டியதில் ஏதோ ஒன்று குறைந்தது. மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேரும் அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

கணபதி உட்காருவதற்கு முன்னாலேயே மும்பையில் பெரிய சிலைகளைப் பட்டறையிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். ஆகமன் என்று பெயர். அந்த ஞாயிறு ஒரு ஆகமனில் வாசித்துவிட்டுத் திங்கள் காலை, நான் ஷட்டரைத் தூக்கும்போதே பாவ் வாசலில் நின்றிருந்தார். முகத்தைத் தொங்கப் போட்டிருந்தார்.

"என்ன பண்ணினீங்க அண்ணா? ஊமையாயிடுச்சு."

நான் ஜாக்கைப் பிடித்தேன். அவர் கையால் தடுத்தார். "சத்தம் வருது. ஆனா யாருக்கும் கேக்கல."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சால் என்கிற தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் முற்றத்தில் பையன்கள் டோல், தாஷா, பேட் எல்லாம் வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஹார்ன் ஸ்பீக்கரில் பேஞ்சோவைப் போட்டார். டோல் தொடங்கியதும் என் பாலில் ஊறிய குரல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மெட்டு தெரிந்தது. ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பது தெரியவில்லை. கன்னடச் செய்தியைத் தூக்கக் கலக்கத்தில் கேட்கிற மாதிரி.

டக் போய்விட்டது. அதுதான் விஷயம். ஹார்ன் ஸ்பீக்கருக்குக் கீழ்ஸ்தாயி வராது. அதற்கு நன்றாக வருவது கூரான, கெட்டியான சத்தம்தான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் அந்தப் பொத்தானின் டக் ஓர் ஆணி மாதிரி இறங்கி, டோல் சத்தத்தில் ஒரு துளை போட்டுவிடும். அந்தத் துளை வழியாக ஸ்வரம் உள்ளே வரும். பேச்சில் மெய்யெழுத்து எப்படியோ அப்படி. நான் மெய்யையெல்லாம் எடுத்துவிட்டு உயிரை மட்டும் மெழுகில் பதித்து வைத்திருந்தேன். நாற்பது சதுர அடிக் கடையில், கையடக்க ஸ்பீக்கரில், காதை வைத்துக் கேட்டுச் செய்த வேலை.

மெழுகை உருக்கி வெளியே எடுக்கலாமா என்று பார்த்தேன். அந்த நூல் கம்பியில் அதெல்லாம் நடக்காது. திரும்பச் சுற்றத்தான் வேண்டும். லாமிங்டன் ரோட்டில் மெல்லிய எனாமல் கம்பி எடைபோட்டு வாங்கிவந்தேன். என் காயில் கட்டும் மெஷின் ஒரு பழைய தையல் மெஷின் மோட்டார். சுற்று எண்ணுவதற்கு ஒரு கால்குலேட்டர். ஒன்று கூட்டல் ஒன்று என்று அடித்துவிட்டு, சமன் பொத்தானின் இரண்டு முனைகளை ஒரு ரீட் ஸ்விட்சில் இணைத்து, சக்கரத்தில் சின்னக் காந்தம் ஒட்டிவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் எண் ஒன்று ஏறும். கம்பெனி மெஷினைவிட இதை நம்புகிறேன். இரண்டு காயிலுக்கும் சுற்று சமமாக இல்லாவிட்டால் உறுமல் முழுசாக அடங்காது, அதனால் சும்மா இருக்கிற காயிலையும் சேர்த்தே கட்டினேன். கம்பி மூன்றுதரம் அறுந்தது. மூன்றாந்தரம் இரண்டாயிரத்து எண்ணூறாவது சுற்றில் அறுந்தபோது நான் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

சுற்றுவதைவிடக் கஷ்டம், தளர்வாகச் சுற்றுவது. இத்தனை வருஷமாக இறுக்கமாகக் கட்டக் கற்ற கை. முதல்முறை இறுகிவிட்டது, டக் வரவில்லை. இரண்டாம் முறை ரொம்பத் தளர்ந்து, ஆம்ப்ளிஃபயரை ஏற்றியதும் கீச்சென்று ஊளையிட்டது. மூன்றாம் முறை விரலுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, பாவ் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, "அப்பா இதைக் கட்டும்போது பீடி பிடிச்சிக்கிட்டே கட்டுவார்" என்றார். கம்பியை ஒரு கையில் அலட்சியமாகப் பிடித்திருப்பார் என்று புரிந்தது. எனக்குப் பீடிப் பழக்கம் இல்லை. டீ கிளாஸை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் கம்பியை வழிநடத்தினேன். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். டொக். பாவ் ஒரு பொத்தானைத் தட்டினார். டக்.

"இதுதான்" என்றார்.

புது ஃபெல்ட்டையும் பாதி உரித்துப் போட்டோம். தகடு மெட்டில் மோதுகிற சத்தமும் அதில் சேர்ந்திருக்கிறது என்பது அவர் கட்சி. குதிரையை மட்டும் ஏற்ற விடவில்லை. அது இறங்கினதால்தான் மேல் ஸ்தாயி ஸ்வரங்கள் ஏறிப் பேசாமல் சுத்தமாக நிற்கின்றன. அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை, அவரும் ஒப்புக்கொண்டார்.

அனந்த சதுர்தசி அன்று ஊர்வலத்தைக் கேட்க நானே போனேன். இதுவரை போனதில்லை. கூட்டம் எனக்கு ஆகாது. லால்பாகிலிருந்து கிர்காம் சௌபாட்டி நோக்கி ஊர்ந்து போகிற அந்தக் கூட்டத்தில், பாவின் டெம்போவை நான் கண்ணால் தேடவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்தே டக் டக் என்று காதுக்கு வந்துவிட்டது. டெம்போவோடு ஒட்டிக்கொண்டு நடந்தேன். ஜெனரேட்டரின் பக்கத்தில்கூட உறுமல் இல்லை.

ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருஷத்து விதி. பண்டிகைக்காகச் சில நாட்கள் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்துவார்கள். பன்னிரண்டு அடித்தது. போலீஸ்காரர் கையைக் காட்டினார். பையன் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். டோல்காரர்கள் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார்கள். பாவ் மட்டும் நிறுத்தவில்லை. விரல் ஓடிக்கொண்டே இருந்தது. கரண்ட் இல்லாத பேஞ்சோவின் சத்தம் ஒரு கை தூரம்தான் போகும். நான் டெம்போவின் ஓரப் பலகையில் காதை வைத்தேன்.

பித்தளைக் கம்பிகள் பேசிக்கொண்டிருந்தன. அன்று முழுக்கத் தெருவில் ஒருவருக்கும் கேட்காத சுருதி. பாவ் ஒவ்வொரு வரி முடிவிலும் பிக்கை அதன்மேல் ஒருதரம் இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். என்னைப் பார்த்ததும், "இது எனக்கு. அவங்களுக்கு இல்ல" என்றார்.